புதிய மூடிக்குப் பதினோரு அடி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அக்காவுக்குத் தலை பின்னிவிட்டேன். இது நான்காவது வாரம். அவள் வலது கை தோள் உயரம் வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தூக்கினால் முகம் சுளிப்பதில்லை. மூச்சை மட்டும் நிறுத்திக்கொள்கிறாள். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

எட்டு மணிக்கு அதே கை ரப்பர் சுத்தியலை எடுத்தது.

தக்காளி விழுது, இருபது கிலோ வாளி. சூடு ஆறுவதற்குள் மூடியை வைத்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அடித்து உட்கார வைக்க வேண்டும். இப்போது ஒரு நாளைக்கு ஐம்பது வாளி. ஏப்ரல் ஆறாம் தேதி சீசன் தொடங்கினால் முந்நூறு.

முந்நூறு என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

டாக்டர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். “இன்னொரு சீசன் இப்படியே அடிச்சாங்கன்னா தசைநார் அறுந்துடும். அப்புறம் தைச்சாலும் பழைய கை வராது.”

 பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா, “இடது கையால அடிச்சுப் பழகலாமா?” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மாமா அவருடைய மேஜையைத் துடைத்துவிட்டு இயந்திரக் கம்பெனிகளின் ஐந்து விலைப்பட்டியல் புத்தகங்களைப் பரப்பினார். வாளியை நிரப்ப ஓர் இயந்திரம், மூட ஓர் இயந்திரம். சீசனுக்குள் வந்தாக வேண்டும்.

“நீயே பார்த்து முடிவு பண்ணு. எனக்கு இதைப் பிரிச்சாலே கொட்டாவி வருது.”

“நான் படிச்சது இலக்கியம், மாமா.”

“அதுவும் எழுத்து, இதுவும் எழுத்து. என்ன, இதுல படம் இருக்கு.”

அக்கா புருஷன் என்பதால் மட்டுமல்ல, இரண்டு வருடமாகச் சோறு போட்டு லேபிள் சரிபார்க்கும் வேலையும் கொடுத்திருப்பவர் என்பதால் நான் மறுக்க முடியாது. மறுக்கவும் தோன்றவில்லை. இந்த வீட்டில் முதல்முறையாக நான் தேவைப்படுகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

நிரப்பும் இயந்திரம் இரண்டு வகை. ஒன்று இத்தனை லிட்டர் என்று அளந்து ஊற்றும். மற்றது வாளியைத் தராசில் நிறுத்தி, எடை வந்ததும் நிறுத்திக்கொள்ளும்.

பாய்லர் அண்ணனிடம் கேட்டேன். பதினைந்து வருடமாக நீராவிக்குப் பக்கத்தில் நிற்பவர். எதையும் கத்தித்தான் சொல்வார்.

“விழுதுல காத்து இருக்கும்மா! நுரைச்சுக்கிட்டு வரும்போது இருபது லிட்டர்னு காட்டும், ஆறினதும் பார்த்தா நாலு விரல் இறங்கியிருக்கும்! எடை போடு, எடை!”

எடை. ஒரு முடிவு எடுத்தாயிற்று. குழாய் வாளியின் அடிவரை இறங்கி நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும் என்றும் குறித்துக்கொண்டேன். மேலிருந்து ஊற்றினால் விளிம்பில் தெறிக்கிறது. விளிம்பில் விழுது இருந்தால் எந்த மூடியும் உட்காராது.

மூடுவதுதான் சிக்கல். ஒரு வகை: தட்டு மேலிருந்து இறங்கி மூடி முழுவதையும் ஒரே அமுக்காக அமுக்கும். இன்னொன்று: வாளி உருளைகளுக்குக் கீழே நகர்ந்து போகும், அவை மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே வரும்.

தட்டு சிறியது, தயாராக இருக்கிறது, மூன்று வாரத்தில் இங்கே நிற்கும். உருளை நீளமானது. அது வர வேண்டுமென்றால் நான் உட்கார்ந்திருக்கும் இந்த ஆபீஸ் அறையின் சுவரை இடிக்க வேண்டும். ஆர்டர் கொடுத்து ஏழு வாரம்.

ஏழு வாரம் என்றால் சீசனில் பாதி.

மார்ச் 7, சனி

தட்டு இயந்திரக் கம்பெனிக்காரரை நாங்கள் கேட்லாக் என்றுதான் கூப்பிடுகிறோம். பேசினாலே பக்கம் புரட்டுகிற மாதிரி இருக்கும். போனில், “உங்க பக்கெட் இருபது, மூடியோட அனுப்புங்க மேடம். உங்க பொருள்லயே ஓட்டிக் காட்டுறோம். நம்பிக்கைதான் எங்க மூலதனம்” என்றார்.

புதிய மூடி ஐம்பது ஐம்பதாக பிளாஸ்டிக் உறையில் வரும். மாமாவின் சட்டம்: உறையை வெட்டினால் ஐம்பதும் அன்றே தீர வேண்டும், மீதி வைத்தால் தூசி. இருபதுக்காக ஓர் உறையை வெட்ட மனம் வரவில்லை. பின்கட்டில் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய வாளிகள் இருக்கின்றன. பளிச்சென்று கழுவி, மூடியும் வாளியும் பொருத்தி இருபது அனுப்பினேன்.

ஓர் உறை மிச்சம். இந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

கேட்லாக்கின் பட்டறைக்குப் போய் நேரில் பார்த்தேன். விழுதுக்குப் பதில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள். தட்டு இறங்கியது. ஒரு பெருமூச்சுதான் சத்தம். இருபதில் இருபதும் மூடின. கவிழ்த்து அரை மணி நேரம் வைத்தார்கள். கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு இல்லை. நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

“எப்படி மேடம்?”

“சத்தமே இல்லையே.”

“அதுதான் மேடம் டெக்னாலஜி.”

அந்தப் பெருமூச்சு பிடித்துவிட்டது எனக்கு. அக்கா ஒரு பட்டனை அழுத்துகிறாள், இயந்திரம் அவளுக்காகப் பெருமூச்சு விடுகிறது.

இன்று இதை நான் பார்த்தேனா, பார்க்க விரும்பியதைப் பார்த்தேனா? — களைப்பு. வேண்டாத கேள்வி.

மார்ச் 14, சனி

ஆர்டர் கொடுத்தாயிற்று. வருகிற 24ஆம் தேதி வண்டி ஏறும்.

அக்கா மூடும் மேஜைக்குப் பக்கத்தில் தரையைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பெயின்ட்டால் இயந்திரம் நிற்கப்போகும் இடத்துக்குக் கட்டம் போட்டாள். இடது கையால். கோடு கோணலாக வந்தது. பாய்லர் அண்ணன், “என்னம்மா, பாண்டி ஆடப்போறியா?” என்று கத்தினார். அக்கா உண்மையாகவே ஒற்றைக் காலில் இரண்டு கட்டம் தாவிக் காட்டினாள்.

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவுக்கு ஸ்கேன். மாமாவும் கூடப் போனார். விழுது காய்ச்சி முடிந்துவிட்டது, நாற்பது வாளி, மூட ஆளில்லை. போன சீசனில் இரண்டு பேரைப் பழக்கிப் பார்த்தார்கள்; ஒருவர் பதினான்கு மூடியை உடைத்தார், இன்னொருவர் மூன்றாம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அக்கா சுத்தியலை யாரிடமும் தருவதில்லை.

பாய்லர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சுத்தியல் என் கைக்கு வந்துவிட்டது.

முதல் வாளிக்குப் பதினெட்டு அடி. பத்தாவது வாளிக்குப் பிறகு பதினொன்றில் நின்றது. பதினொன்றுக்குக் குறைந்தால் ஒரு பக்கம் எம்பிக்கொள்கிறது. காலையில் அக்கா பிரித்துக் கொஞ்சம் அடித்துவிட்டுப் போன உறை, முப்பத்தாறாவது வாளியோடு மூடி தீர்ந்தது. இன்னொன்றை வெட்ட வேண்டாமே என்று — மறுபடியும் அதே புத்தி — கடைசி நாலு வாளிக்குப் பின்கட்டிலிருந்து கழுவிய பழைய மூடிகளை எடுத்து வந்தேன். தொழிற்சாலைக்குள்ளேயே பயன்படுத்துவதற்குத்தானே, பரவாயில்லை.

நாலே அடி. உட்கார்ந்துவிட்டது.

அடுத்தது. நாலு.

அடுத்தது. நாலு.

ஒருமுறை திறந்து மூடிய மூடி இளகிவிடுகிறது. அது எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியும், பாய்லர் அண்ணனுக்குத் தெரியும், அடித்துப் பார்த்த எவருக்கும் தெரியும். நான் இரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். இன்றுதான் அடித்தேன்.

கேட்லாக்குக்கு நான் அனுப்பிய இருபதும் பழைய மூடி.

மார்ச் 18, புதன்

மூடி பற்றி யாரிடமும் பேசவில்லை. ஸ்கேனில் பாதி கிழிந்திருக்கிறதாம். பாதி மிச்சமிருக்கிறது என்று மாமா சொல்கிறார்.

மார்ச் 19, வியாழன்

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது தனியாக அடித்துப் பார்த்தேன். புதியது: 11, 11, 12, 11. பழையது: 4, 4, 5, 4. எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், யாருக்கோ சாட்சி சொல்லப்போகிற மாதிரி.

அப்படியானால் தட்டு மூன்று மடங்கு பலமாக அமுக்க வேண்டும். அமுக்கினால் என்ன? அமுக்கட்டுமே. இயந்திரம்தானே. ஆனால் வாளி? சூடான விழுது உள்ளே இருக்கும்போது வாளியின் உடம்பு விரலால் அழுத்தினாலே குழிகிறது. மூடி முழுவதையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் அத்தனை பாரமும் அந்த இளகிய உடம்பின் மேல். உருளை அப்படியில்லை, அது சுத்தியல் மாதிரி, ஓரம் ஓரமாக.

ஒருவேளை தாங்கலாம்.

தாங்காமலும் போகலாம்.

சொன்னால் — தட்டு போய்விடும், உருளைக்கு ஏழு வாரம், அந்த ஏழு வாரமும் அக்கா அடிப்பாள். மிச்சமிருக்கும் பாதியும் போகும். சொல்லாவிட்டால் — வரும், நிற்கும், தாங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தாங்காவிட்டால் சீசன் நடுவில் தெரியும், அப்போதும் அக்காதான் அடிப்பாள். இரண்டு வழியும் அவள் தோளில்தான் போய் முடிகிறது.

அக்காவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேனா? இல்லை. பழைய மூடியை அனுப்பின முட்டாள் யார் என்று தெரிந்துவிடும், அதற்காக. எழுதிவிட்டேன். எழுதினால் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

கேட்லாக் போன் பண்ணினார். “செவ்வாய்க்கிழமை காலையில வண்டி ஏறுது மேடம். இடம் ரெடியா?”

“ரெடி.”

அக்கா பக்கத்திலேயே நின்றாள். கோணல் மஞ்சள் கோட்டுக்கு இரண்டாம் முறை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். “ஏப்ரல் ஆறு, நான் பட்டனை மட்டும்தான் அமுக்குவேன். மருதாணி கூட வச்சுக்கலாம் போலிருக்கு.”

நான் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

மார்ச் 21, சனி

காலையில் தலை பின்னும்போது அவள், “ஏன் இப்படி இழுக்குற? முடியோட என்ன கோபம்?” என்றாள்.

“அக்கா, அந்த மெஷின் வேலை செய்யாது.”

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் வந்தது — உறை, பின்கட்டு, பதினொன்று, நாலு. கோர்வையாக வரவில்லை. போன செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் திரும்பவில்லை. பாதிப் பின்னல் என் கையில். கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும்.

“ஏண்டி புதுசை அனுப்பல?”

“உறையை வெட்டணுமேன்னு...”

வாசலில் நின்றிருந்த மாமாவை நாங்கள் கவனிக்கவில்லை. “அது சரி,” என்றார். “நான் போட்ட சட்டம்.” அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்கா, “மீதியைப் பின்னு” என்றாள்.

பின்னினேன்.

“உருளைன்னா எத்தனை வாரம்னு சொன்னே?”

“ஏழு.”

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், கூடையில் எத்தனை தக்காளி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. “சரி. ஏழு வாரம் அடிச்சுடலாம்.”

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போதும்.

மார்ச் 24, செவ்வாய்

வண்டி ஏறவில்லை. மாமா நேற்றே போன் பண்ணி நிறுத்திவிட்டார். பதிலாக நாங்கள் மூன்று பேரும் பட்டறைக்குப் போனோம். மாமா தன் கையாலேயே ஒரு புது உறையை வெட்டினார். கத்தி பிளாஸ்டிக்கில் ஓடுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் வாளி: தட்டு இறங்கியது, பெருமூச்சு விட்டது, மூடி ஒரு பக்கம் எம்பி நின்றது.

“அழுத்தம் கொஞ்சம் ஏத்தலாம் சார்.” கேட்லாக்குக்கு வியர்த்திருந்தது.

ஏற்றினார்கள். மூடி உட்கார்ந்தது. நான் மூச்சு விட்டேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒருவேளை என்று நினைத்தேன். ஐந்தாவது வாளி இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தது. வெந்நீர் தட்டுக்கு மேலே பீறிட்டது. மாமா அக்காவைப் பிடித்துப் பின்னால் இழுத்தார் — வலது கையைப் பிடித்து. அவள் கத்தினாள். வெந்நீருக்கல்ல.

இருபதில் ஆறு ஒடிந்தது. அழுத்தத்தைக் குறைத்தால் எம்புகிறது, கூட்டினால் ஒடிகிறது. நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று கேட்லாக் ஒரு மணி நேரம் தேடினார். இல்லை.

“நீங்க முதல்ல அனுப்பின மூடி...” என்று ஆரம்பித்தார்.

“பழசு,” என்றேன். “நான்தான் அனுப்பினேன்.”

அவர் ஒடிந்த வாளியிலிருந்து மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பக்கம் புரட்டாத கேட்லாக்கை முதல்முறை பார்த்தேன். “எங்க ஆளும் பார்த்திருக்கணும் மேடம். ஓடுதுன்னதும் யாரும் மூடியைப் பார்க்கல.” முன்பணத்தைத் திருப்பித் தருவதாக அவராகவே சொன்னார்.

மார்ச் 25, புதன்

உருளைக்கு ஆர்டர், நிரப்பும் தராசுக்கும் சேர்த்து. இந்த முறை வேறு கம்பெனி. புது மூடி, சூடான விழுது, இரண்டு பேர் சாட்சி. மே 13.

மத்தியானம் சுத்தியல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த சுத்தியல். இந்த மூன்று வாரமாக அக்காவின் தோளைக் காப்பாற்ற நான் ஐந்து புத்தகம் படித்தேன், இரண்டு பட்டறைக்குப் போனேன், எடைக்கும் லிட்டருக்கும் வித்தியாசம் கற்றேன். நான் அடிக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. அதுதான்.

எடுத்துக்கொண்டு போய் அக்கா முன் நின்றேன். “ஏழு வாரமும் நான்தான்.”

“நீயா? பேனா கனமா இருக்குன்னு சொல்ற ஆளு.”

“அன்னிக்கு நாற்பது அடிச்சேன்.”

“நாற்பதுல ரெண்டு ஒழுகிச்சு. நான் சொல்லல.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீயும் நாலு நாள் சொல்லலையே.”

இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். பிறகு அவள் சுத்தியலைத் தொட்டு, என் கையில் அதை அரை சாண் கீழே இறக்கிப் பிடிக்க வைத்தாள். “மணிக்கட்டால அடிக்காதே. முழங்கையிலேருந்து வரணும். தோளைத் தொந்தரவு பண்ணாதே, அதை நான் பண்ணி முடிச்சாச்சு.”

ஏப்ரல் 6, திங்கள்

வண்டி வண்டியாகத் தக்காளி. 112 வாளி.

ஏப்ரல் 7, செவ்வாய்

118. சாப்பாட்டுத் தட்டைத் தூக்க முடியவில்லை. அக்கா பிசைந்து வைத்துவிட்டுப் போனாள், பார்க்காத மாதிரி.

ஏப்ரல் 16, வியாழன்

150. இதற்கு மேல் என்னால் முடியாது. மாமா இரண்டு வாடிக்கையாளர்களிடம் நேரில் போய் தேதி தள்ளிக் கேட்டார். ஒருவர் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். மாமா அதை என்னிடம் சொல்லவில்லை. பாய்லர் அண்ணன் கத்தித் தெரிந்தது.

அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு மூடியையும் விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறாள். “இது எம்புது. இன்னொண்ணு.” “பத்து அடிச்சுட்டுப் பதினொண்ணுன்னு எண்ணாதே.” எண்ணிக்கையில் நான் ஏமாற்றியதை எப்படிக் கண்டுபிடித்தாள்?

மே 4, திங்கள்

ஆபீஸ் சுவரை இடித்துவிட்டார்கள். என் மேஜை லேபிள் கட்டுகளுக்கு நடுவில். இந்த நோட்டிலும் செங்கல் தூள். கோணல் மஞ்சள் கட்டம் நடுவில் தனியாகக் கிடக்கிறது. அழிக்கவா என்று கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றாள்.

கையெழுத்து எனக்கே புரியவில்லை. இடது கை.

மே 15, வெள்ளி

உருளையும் நிரப்பும் தராசும் வந்து இரண்டு நாள். இன்று 240. ஒடிந்தது ஒன்றுமில்லை. கவிழ்த்து வைத்த ஆறும் ஒழுகவில்லை. சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது, பெருமூச்செல்லாம் கிடையாது. பாய்லர் அண்ணனுக்கு இப்போதுதான் சரியான துணை கிடைத்திருக்கிறது.

அக்கா பட்டனை இடது கையால் அழுத்தினாள். மருதாணி வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்கேன் மறுபடியும் எடுத்தார்கள். பாதி, பாதியாகவே இருக்கிறது.

மே 18, திங்கள்

காலையில் என் தலையைப் பின்னச் சீப்பை எடுத்தேன். கை காதுவரை போயிற்று, நின்றது. இன்னொரு முறை முயன்றேன். மூச்சை நிறுத்திக்கொண்டு.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். “டாக்டர் உனக்கு ஒரு மாசம் ஓய்வுன்னுதானே சொன்னார்? கொடு இப்படி.”

நாற்காலியில் உட்காரப் போனேன். “அங்கே வேண்டாம், எட்டாது” என்றாள். ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். அதில் உட்கார்ந்தேன். அப்போதும் அவள் கை உச்சிக்கு வரவில்லை. வாளியைக் காலால் தள்ளிவிட்டு என்னைத் தரையில் உட்கார வைத்தாள்.

இப்போது எட்டியது. மெதுவாக, இரண்டு முறை நடுவில் நிறுத்தி, முழுப் பின்னலும் போட்டாள்.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

“யாருக்கு?” என்றாள்.